அடைக்கல நகரில் ஒரு சிறுவன்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, அண்ணனும் தங்கையுமான இருவர் ஒரு வழக்கோடு வந்தனர். அண்ணன் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றுபவர். தங்கை சட்டம் பயில்பவர். சொத்துத் தகராறோ, திருமணச் சிக்கலோ என்று எண்ணிய நமக்கு, அது ஓர் ஆங்கில நாவலைப் பற்றிய வழக்கு என்று தெரிந்தபோது வியப்பும், உண்மையைச் சொல்வதானால், சிறிது ஆறுதலும் உண்டாயிற்று.

“ஃபாதர், ஒரு பையன் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஓர் உலகத்தையே அழித்துவிடுகிறான். அவன் பாவியா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்” என்றார் தங்கை.

“அவனுக்குத் தெரியாதே, ஃபாதர். சாவான பாவத்துக்குக் கனமான பொருள் வேண்டும், முழு அறிவு வேண்டும், முழுச் சம்மதம் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?” என்றார் அண்ணன்.

நாம் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். அந்த நூலும் நமக்குப் புதியதன்று. குருத்துவக் கல்லூரியில் இறையியல் பயின்ற நாள்களில், நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய அட்டை கிழிந்த பிரதியை, அக்குவினாரின் நூலுக்குள் மறைத்து வைத்துப் படித்தவர்கள் நாம். அன்று அந்தச் சிறுவனுக்காகக் கண்ணீர் விட்டோம். ஆயினும் அன்று மாலை அவ்விருவருக்கும் உடனே விடை கூற இயலவில்லை. “மறுபடி ஒருமுறை படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று கூறி அனுப்பினோம். படித்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

ஆர்சன் ஸ்காட் கார்டு என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1977-இல் ஒரு சிறுகதையாக எழுதி, 1985-இல் நாவலாக விரித்த நூல் ‘எண்டர்ஸ் கேம்’. அடுத்த ஆண்டே ‘ஸ்பீக்கர் ஃபார் த டெட்’ என்னும் தொடர்ச்சி வந்தது. பின்னர் அவ்வரிசை நீண்டுகொண்டே சென்றது. அறிவியல் புனைகதைக்கென வழங்கப்பெறும் ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பரிசுகளையும் இவ்விரு நாவல்களும் அடுத்தடுத்து வென்றன. 2013-இல் முதல் நாவல் திரைப்படமாகவும் வெளிவந்தது. அண்ணனுக்கு நூல் அறிமுகமானது அத்திரைப்படத்தின் வழியாகத்தான்.

கதை இதுதான். எறும்பினத்தை ஒத்த வேற்றுலக உயிர்கள் பூமியை இருமுறை தாக்கிவிட்டன. மூன்றாவது போருக்குத் தளபதி வேண்டும். சிறு குழந்தைகளிலிருந்தே அறிவாற்றல் மிக்கோரைத் தெரிந்தெடுத்து, விண்வெளியில் சுற்றிவரும் போர்ப்பள்ளியில் பயிற்றுவிக்கின்றனர். ஆறு வயதில் அங்கே கொண்டுபோகப்படுபவன் ஆண்ட்ரூ விக்கின்; செல்லப்பெயர் எண்டர். இரு குழந்தைகளுக்கு மேல் பெறலாகாது என்னும் சட்டம் நிலவும் உலகில், அரசு சிறப்பு அனுமதி அளித்ததால் பிறந்த மூன்றாவது குழந்தை அவன். அவனுடைய தந்தை போலந்து நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒன்பது பிள்ளைகளுள் ஏழாமவராகப் பிறந்து, ஜான் பால் என்று திருமுழுக்குப் பெற்றவர்; பின்னர்த் தம் பெயரையும் நம்பிக்கையையும் மறைத்து வாழ்பவர். கதையில் இரண்டொரு வரிகளில் கடந்துபோகும் செய்தி இது. நம் கண்ணுக்கு மட்டும் தப்பவில்லை.

போர்ப்பள்ளியின் பொறுப்பாளர் கர்னல் கிராஃப். சிறுவனை நேசிக்கிறார், நேசித்துக்கொண்டே அவனைத் தனிமைப்படுத்துகிறார். எவரும் தனக்கு உதவிக்கு வரமாட்டார்கள் என்னும் முடிவுக்கு அவன் வந்தால்தான் தளபதியாவான் என்பது அவர் கணக்கு. இறுதியில், முந்தைய போரின் வீரராகிய மேசர் ரேக்கம் அவனுக்கு ஆசிரியராகிறார். சிறுவன், நாள்தோறும் திரையில் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும் கப்பல்களை நடத்திப் போர் பழகுகிறான். கடைசித் தேர்வில் பகைவர் எண்ணிக்கை மலைபோல் குவிந்திருக்க, அவன் சலித்துப்போகிறான். விதியை மீறினால் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள், விட்டால் போதும் என்னும் வெறுப்பில், பேரழிவுக் கருவியைப் பகைவரின் கோள் மீதே ஏவுகிறான். கோள் சிதறுகிறது. அறையிலிருந்த பெரியவர்கள் அழுகின்றனர், சிரிக்கின்றனர், இறைவனுக்கு நன்றி கூறுகின்றனர். பிறகுதான் உண்மை சொல்லப்படுகிறது: தேர்வு என்று எதுவும் இல்லை, அத்தனையும் உண்மைப் போர். ஓர் இனமே அழிந்துவிட்டது.

ஏன் ஏமாற்றினார்கள்? இதற்கு நூல் கூறும் விடையே நூலின் உயிர்நாடி. பகைவரின் உள்ளத்துக்குள் புகுந்து சிந்திக்க வல்லவன்தான் அவர்களை வெல்ல முடியும். அவ்வாறு புகுந்து சிந்திப்பவனோ அவர்களை நேசிக்கத் தொடங்கிவிடுவான். நேசிப்பவன் அறிந்தே அழிக்க மாட்டான். எனவே இரக்கமுள்ள ஒருவனைத் தேடிப் பிடித்து, அவனுக்கே தெரியாமல் அவன் இரக்கத்தைக் கருவியாக்கினர்.

இந்நூலுக்கு வாசகர் காட்டிய எதிர்வினை ஒரு தனி வரலாறு. 1991-இல் வந்த பதிப்பின் முன்னுரையில் கார்டு தமக்கு வந்த மடல்கள் சிலவற்றைப் பேசுகிறார். மீத்திறன் மிக்க மாணவர்களுக்கு வழிகாட்டும் பணியிலிருந்த பெண்மணி ஒருவர், குழந்தைகள் இவ்வாறு பேசுவதுமில்லை, எண்ணுவதுமில்லை என்று சினந்து எழுதினாராம். அத்தகைய மாணவர்களோ, இது எங்கள் கதை, எங்களைப் புரிந்துகொண்ட ஒரே நூல் இது என்று எழுதினராம். சவூதிப் பாலைவனத்தில் பணியிலிருந்த அமெரிக்கப் படை விமானி ஒருவரின் மடலும் அதில் இடம்பெறுகிறது. அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்கள் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலில், தலைமைப் பண்பைக் கற்பிக்கும் நூலாக இது இடம்பெற்றதும் உண்டு. ஒரு சிறுவன் தன் தோழர்களை எவ்வாறு வழிநடத்துகிறான் என்பதைப் படைவீரர்கள் அதில் கண்டனர். அவனை மேலோர் எவ்வாறு ஏமாற்றினர் என்பதைக் கண்டனரா என்பது நமக்கு எழும் ஐயம்.

போர் சார்ந்த அறிவியல் கதைகளுக்கு இத்தகைய இருவகை வாசிப்பு புதியதன்று. 1959-இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ போர்வீரனின் கடமையைப் போற்றியது. வியட்நாமில் காயமுற்றுத் திரும்பிய ஜோ ஹால்ட்மன் 1974-இல் எழுதிய ‘த ஃபாரெவர் வார்’ அப்பெருமையின் மறுபக்கத்தைக் காட்டியது. அவ்விரண்டும் தாம் எப்பக்கம் நிற்கின்றன என்பதைத் தெளிவாகவே உரைப்பவை. கார்டின் நூலோ போரை வெறுப்பவனையும் விரும்புபவனையும் ஒருங்கே ஈர்க்கிறது. அதுதான் திறனாய்வாளர்களை உறுத்தியது.

1987-இல் எலேன் ராட்ஃபோர்டு என்பவர் எண்டரை ஹிட்லரோடு ஒப்பிட்டுக் கடுமையான கட்டுரை ஒன்றை எழுதினார். இனஅழிப்பைச் செய்தவன் மீது வாசகர் இரக்கம் கொள்ளுமாறு கதை பின்னப்பட்டிருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. கார்டு சினத்துடன் மறுமொழி அளித்தார். இவ்வொப்புமை மிகைப்பட்டது என்பதே நம் கருத்து. ஆனால் 2004-இல் ஜான் கெசல் என்னும் எழுத்தாளர் முன்வைத்த வாதத்தை அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எண்டர் எதைச் செய்தாலும் அவனைக் குற்றமற்றவனாகவே காட்டும்படி நூல் அமைந்திருக்கிறது என்கிறார் அவர். ஒவ்வொரு முறையும் அவன்தான் முதலில் துன்புறுத்தப்படுகிறான். ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் கைகட்டி நிற்கின்றனர். ஒவ்வொரு முறையும் அவன் திருப்பித் தாக்குவதைத் தவிர வேறு வழியே இல்லை. செயல் எவ்வளவு கொடியதாயினும், உள்நோக்கம் தூயதாயின் செய்தவனும் தூயவனே என்னும் போதனை இதில் பொதிந்திருக்கிறது என்பது கெசலின் முடிவு. தாம் வஞ்சிக்கப்பட்டவர் என்று எண்ணும் எந்த வாசகருக்கும் இது இனிக்கும். அடித்த களிப்பும் கிடைக்கும், அடித்த குற்றமும் ஒட்டாது.

இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. குருமாணவராக நாம் விட்ட கண்ணீரில் இவ்வினிப்பு கலந்திருக்கவில்லை என்று சொல்லத் துணிவில்லை.

ஆயினும் அண்ணனின் வாதத்தை முதலில் நேர்மையாக எடைபோட வேண்டும். ஒரு செயலின் அறநிலையைப் பொருள், நோக்கம், சூழல் என்னும் மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்பது திருச்சபையின் தொன்மையான போதனை. நோக்கம் எவ்வளவு நல்லதாயினும் தீய பொருளை நல்லதாக்காது. அதே வேளையில், தன் தவறின்றி ஒருவன் அறியாமையில் இருந்தால், அவன் செய்த தீமை அவன்மேல் சுமத்தப்படுவதில்லை என்பதும் அதே போதனைதான். இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போதுதான் கவனம் தேவை. சுமத்தப்படுவதில்லை என்றுதான் கூறப்படுகிறதேயன்றி, தீமை தீமையாக இல்லாமற் போயிற்று என்று கூறப்படவில்லை. கோள் சிதறியது சிதறியதுதான்.

அதற்கும் முன்னே, எண்டர் முற்றிலும் அறியாதவன்தானா என்பதையும் பார்க்க வேண்டும். கதையின் தொடக்கத்தில் ஸ்டில்சன் என்னும் முரட்டு மாணவனை அவன் வீழ்த்துகிறான். வீழ்ந்தவனை விட்டுவிடவில்லை, இனி எவனும் தன்னை நெருங்கலாகாது என்பதற்காக மேலும் மேலும் உதைக்கிறான். பின்னர்ப் போர்ப்பள்ளியில் போன்சோ என்பவனுடன் நேர்ந்த மோதலும் உயிர்ப்பலியில் முடிகிறது. இருவரும் இறந்துபோன செய்தி அவனிடமிருந்து மறைக்கப்படுகிறது. தற்காப்பைப் பற்றிப் பேசும் புனித தாமஸ் அக்குவினார், தேவைக்கு மிஞ்சிய வன்முறையைத் தற்காப்பு என்று ஏற்பதில்லை. இன்றைய அடியைத் தடுப்பது தற்காப்பு. நாளைய அடிகளையெல்லாம் இன்றே முடித்துவிட எண்ணுவது வேறொன்று. ஆறு வயதுச் சிறுவனின் கணக்கை நாம் மன்னிக்கலாம். ஆனால் பெரியவர்கள் அவனைத் தேர்ந்தெடுத்ததே அக்கணக்குக்காகத்தான். முழு நாவலும் அந்த ஓர் உதையின் விரிவாக்கம்.

இனி, கோளை அழித்த குற்றம் யாருடையது? சிறுவனைக் கேட்டால் அறியேன் என்பான், அது உண்மை. அதிகாரிகளைக் கேட்டால், கருவியை ஏவியது எங்கள் கையன்று என்பார்கள். போருக்குப்பின் கிராஃப் மீது இராணுவ விசாரணை நடக்கிறது, விடுதலையாகிறார். அறிந்தவருக்குக் கை இல்லை; கை உள்ளவனுக்கு அறிவு இல்லை. குற்றம் இருவருக்கும் நடுவிலே விழுந்து மறைந்துவிடுகிறது. 1999-இல் வந்த ‘எண்டர்ஸ் ஷேடோ’ என்னும் நூலில் இதே நிகழ்ச்சிகளைப் பீன் என்னும் மற்றொரு சிறுவன் வழியாகக் கார்டு மீண்டும் சொல்கிறார். ஆட்டம் உண்மை என்பதைப் பீன் ஊகித்துவிடுகிறான், எண்டரிடம் சொல்வதில்லை. வாசகர்கள் எண்டரைப் பற்றி வாதிட்ட அளவுக்குப் பீனைப் பற்றி வாதிடுவதில்லை என்பது நமக்கு விந்தையாகத் தோன்றுகிறது. அறிந்தவன் அவனல்லவா?

இது கற்பனையுலகில் மட்டும் நிகழ்வதன்று. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோசிமாவின் வானிலையைக் கண்டு தெரிவித்த விமானத்தை ஓட்டியவர் கிளாட் ஈதர்லி. குண்டை வீசியது அவரல்லர். வானம் தெளிவாக இருக்கிறது என்று சொன்னவர் மட்டுமே. பின்னாளில் அச்சுமை தாங்காமல் வாழ்வு சிதைந்து, மனநல மருத்துவமனையில் இருந்த அவருக்கும் தத்துவ அறிஞர் குந்தர் ஆண்டர்ஸுக்கும் நடந்த மடல் உரையாடல் நூலாக வெளிவந்தது. இயந்திரங்களின் வழியே நாம் செய்யும் செயல்களின் விளைவை நம் கற்பனையால் எட்டிப் பிடிக்கவே இயலாத காலம் வந்துவிட்டது என்பது ஆண்டர்ஸின் கவலை. குண்டை வீசிய விமானத்தின் தலைவர் பால் டிப்பெட்ஸோ தமக்கு வருத்தமில்லை என்று இறுதிவரை கூறினார்.

நம் போன்றோரை அதிகம் உலுக்க வேண்டியவர் இவ்விருவரும் அல்லர், மூன்றாமவர். அவ்விமானங்கள் புறப்பட்ட டினியன் தீவில் அப்படைப்பிரிவின் கத்தோலிக்க ஆன்ம குருவாக இருந்தவர் அருட்தந்தை ஜார்ஜ் ஜபெல்கா. மூன்று நாள் கழித்து நாகசாகியில் குண்டு விழுந்தபோது, உரகாமிப் பேராலயத்தில் ஒப்புரவு அருட்சாதனத்திற்காகக் கூடியிருந்த மக்களும் அருட்தந்தையரும் மாண்டனர். அந்த விமானத்தை ஓட்டிய சார்ல்ஸ் ஸ்வீனி ஒரு கத்தோலிக்கர். ஜபெல்கா எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஆயினும் பொதுமக்களைக் கொல்வது தவறு என்று அவ்வீரர்களிடம் தாம் ஒருமுறையேனும் உரைக்கவில்லையே என்று முதுமையில் வெளிப்படையாக மனம் வருந்தி, அமைதிக்காக உழைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நகரங்களை மக்களோடு சேர்த்து அழிப்பதை இறைவனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று அறிக்கையிட்டது. டினியனில் பணியாற்றிய நாள்களில் அச்சொற்கள் எழுதப்படவில்லை. எழுதப்படவில்லை என்பதைச் சாக்காக அவர் கொள்ளவில்லை.

அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1956-இல் சிறப்புப் பட்டம் அளிக்க முன்வந்தபோது எதிர்த்து நின்ற எலிசபெத் ஆன்ஸ்கம் என்னும் கத்தோலிக்கத் தத்துவப் பேராசிரியர், நோக்கத்தைப் பற்றிய போதனையை நாம் எவ்வாறு குலைத்துவிடுகிறோம் என்பதையும் பின்னர் எழுதினார். கையால் ஒன்றைச் செய்துகொண்டே, மனத்துக்குள் என் நோக்கம் வேறு என்று சொல்லிக்கொண்டால் நோக்கம் மாறிவிடாது என்பது அவர் எச்சரிக்கை. கர்னல் கிராஃபுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

சரி, சிறுவனுக்கு என்ன தீர்ப்பு? இங்கே அண்ணனும் தங்கையும் கேட்ட கேள்வியே போதாது என்று நமக்குப் பட்டது. பாவியா, இல்லையா என்னும் இரண்டு சொற்களுக்குள் அடங்காத நிலையொன்று விவிலியத்தில் உண்டு. மரம் வெட்டும்போது கோடரி கழன்று அயலான்மேல் விழுந்து அவன் இறந்துபோனால், வெட்டியவன் கொலையாளி அல்லன்; அவனைக் கொல்லலாகாது. ஆனால் அவன் வழக்கம்போல வீடு திரும்பி உணவு உண்ணவும் முடியாது. அடைக்கல நகருக்கு ஓட வேண்டும். தலைமைக்குரு இறக்கும்வரை அங்கேயே வாழ வேண்டும். அறியாமல் சிந்தினாலும் இரத்தம் இரத்தமே என்பதை அச்சட்டம் மறக்கவில்லை. அறியாமல் சிந்தினான் என்பதையும் மறக்கவில்லை. தெரியாமல் செய்த பிழைக்கும் லேவியர் நூல் பலி கேட்கிறது. திருத்தூதர் பவுல், தாம் திருச்சபையைத் துன்புறுத்தியது அறியாமையால் என்று கூறிக்கொண்டே, பாவிகளுள் முதன்மையானவர் என்றும் தம்மை அழைத்துக்கொள்கிறார். நம் ஆண்டவரும் சிலுவையில் தொங்கியபடி, தாம் செய்வது இன்னதென்று அறியாதவர்களுக்காக மன்னிப்பு வேண்டுகிறார். அறியாமை ஒன்றே போதுமானதாயின், அங்கே மன்னிப்பு எதற்கு?

கார்டு இதை உணர்ந்தே எழுதினார் என்பதற்கு இரண்டாம் நாவல் சான்று. முதல் நாவலை விரித்ததே இரண்டாவதற்கு வழி செய்வதற்காகத்தான் என்று அவரே கூறியிருக்கிறார். எண்டர் பூமிக்குத் திரும்புவதே இல்லை. கோள் விட்டுக் கோள் அலைகிறான். ஒளியின் வேகத்தை ஒட்டிய பயணங்களில் அவனுக்குச் சில ஆண்டுகள் கழிவதற்குள் உலகில் மூவாயிரம் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அழிந்த இனத்தின் கதையை அவர்கள் பக்கம் நின்று அவனே பெயரின்றி எழுத, அந்நூலைப் படித்த மாந்தர் மனம் மாறி எண்டர் என்னும் பெயரையே சபிக்கின்றனர். தன் பெயருக்குச் சாபத்தைத் தன் கையாலேயே தேடிக்கொள்கிறான். தப்பிப் பிழைத்த ஒரே அரசிக் கூட்டை, அது மீண்டும் தழைக்க ஓரிடம் தேடிச் சுமந்து செல்கிறான். அடைக்கல நகர் அவனோடு சேர்ந்து நகர்கிறது என்றே சொல்லலாம்.

அவன் வந்து சேரும் கோள் லூசிட்டானியா, போர்த்துக்கீசிய மொழி பேசும் கத்தோலிக்கக் குடியேற்றம். கார்டு மார்மன் சமயத்தவர். இளமையில் பிரேசிலில் அச்சமயப் பணியாற்றியவர். அந்நாட்டின் மணம் இந்நூலில் வீசுகிறது. ஆயர் பெரிக்ரினோ முதலில் குறுகிய மனத்தவராகத் தோன்றுகிறார். நாமும் சற்று முகம் சுளித்தோம். போகப்போக அவரும் நியாயம் உணர்ந்த மனிதராகவே வெளிப்படுகிறார். முதல் நாவலை விரும்பிய வாசகர்கள் பலருக்கு இந்நூல் ஏமாற்றம் அளித்தது. போர் இல்லை, வெற்றி இல்லை, ஒரு குடும்பத்தின் புண்களைப் பற்றிய நீண்ட பேச்சு. அண்ணனும் அறுபது பக்கங்களோடு நிறுத்திவிட்டாராம். “போரடிக்கிறது, ஃபாதர்” என்றார்.

ஆனால் அவர் தொடுத்த வழக்குக்குரிய சான்று அந்நூலில்தான் இருக்கிறது. லூசிட்டானியாவின் பூர்வகுடிகளாகிய சிறு உயிரினத்தார், தம்மை அன்போடு ஆராய்ந்துவந்த பிப்போ என்பவரை உயிரோடு பிளந்து கொன்றுவிடுகின்றனர். பின்னர் அவர் மகன் லிபோவையும் அவ்வாறே. பகையால் அன்று. அவ்வினத்தில் அவ்வாறு பிளக்கப்பட்டவர் மரமாக எழுந்து மேலான வாழ்வு அடைவார். தாம் அளிக்கக்கூடிய உச்ச மதிப்பை அளித்ததாகவே அவர்கள் நம்பினர். அறியாமை, தூய நோக்கம், கொடிய மரணம் ஆகிய மூன்றும் எண்டரின் செயலில் இருந்தவைபோலவே இங்கும் இருக்கின்றன. எண்டர் அவர்களிடம் என்ன செய்கிறான்? உங்கள் மீது குற்றமில்லை என்று தேற்றிவிட்டுப் போய்விடவில்லை. மனிதர் மரமாவதில்லை, பிப்போ இறந்தே போனார் என்னும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவர்கள் கதறுகின்றனர். அக்கதறலுக்குப் பிறகே இரு இனங்களுக்கும் இடையே உடன்படிக்கை உருவாகிறது. கெசல் சுட்டிய குறை முதல் நாவலுக்குப் பெரிதும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். இரண்டாம் நாவலை எழுதிய கை அக்குறையை ஓரளவு அறிந்த கை. ஆனால் முதல் நூலோடு நின்றுவிடுபவர் இதை எங்கே காண்பார்?

இவ்வளவும் அவ்விருவருக்குச் சொல்லியாயிற்று. தங்கை கூர்ந்து கேட்டுவிட்டு, “அப்படியென்றால் கர்னல் கிராஃப்தான் பாவி, இல்லையா ஃபாதர்?” என்றார். ஆம் என்று சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் நிறுத்தினோம். காரணத்தை அவர்களிடம் அன்று கூறவில்லை. இங்கே கூறிவிடுவதே நேர்மை.

எண்டரைப் போர்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் கலத்தில் ஒரு காட்சி வருகிறது. உடன் வரும் சிறுவர்கள் அனைவர் முன்னிலையிலும் கிராஃப் அவன் ஒருவனையே அறிவுள்ளவன் என்று புகழ்கிறார். அடுத்த நொடியே பின்னிருக்கைச் சிறுவன் அவன் தலையில் அடிக்கத் தொடங்குகிறான். கிராஃப் வேண்டுமென்றே செய்தது அது. குருமாணவராகப் படித்தபோது அப்பக்கத்தை விரைவாகக் கடந்திருந்தோம். இம்முறை அங்கே நூலை மூடிவிட்டு எழுந்து நடந்தோம்.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் நாம் ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பாளராக இருந்தோம். கடலோரச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு சிறுவன் படிப்பில் மற்றெல்லாரையும் விஞ்சினான். இரவுப் படிப்பு தொடங்குமுன் எழுபது மாணவர் நடுவே அவனை எழுப்பி நிறுத்தி, “இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்போம். ஒருமுறையன்று, ஓராண்டு முழுவதும். அவனை மற்றவர்கள் அடிக்கிறார்கள் என்பது நம் காதுக்கு எட்டாமல் இல்லை. கொஞ்சம் அடிபட்டால் உறுதி வரும், பின்னாளில் உதவும் என்று எண்ணினோம். நோக்கம் நல்லதுதான். அவன் பெரிய அதிகாரியாக வேண்டும், அவனுடைய ஊர் தலைநிமிர வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினோம். முழு ஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில் பெட்டியைக்கூட எடுக்காமல் அவன் ஊருக்குப் போய்விட்டான். திரும்பி வரவில்லை. பெட்டியை அவன் தந்தை வந்து வாங்கிச் சென்றார். நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. “உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டான், சாமி” என்று மன்னிப்பும் கேட்டார். கிராஃபாவது விசாரணைக்கு உட்பட்டார்.

அறியாமல் செய்தோம் என்று சொல்ல நமக்கு வழியில்லை. பாதி அறிந்தோம், மறுபாதியை அறிய விரும்பவில்லை. ஒழுக்கவியல் வகுப்பில் இதற்குப் பெயர் உண்டு. பெயரைத் தேர்வில் சரியாக எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம்.

அவன் இன்று நாற்பதைத் தாண்டியவர்; வெளிநாட்டுக் கப்பலொன்றில் வேலை செய்வதாகவும் விடுப்பில் வந்திருப்பதாகவும் அவ்வூர்ப் பங்குத்தந்தை வழியே அறிந்து, ஒரு மடல் எழுதினோம். இரவுப் படிப்பில் எழுப்பி நிறுத்தியது, அடித்ததை அறிந்தும் தடுக்காதது, இரண்டையும் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். ஒரு மாதம் கழித்து மறுமொழி வந்தது. எழுத்து அன்றுபோலவே அழகாக இருந்தது. எழுப்பி நிறுத்திப் புகழ்ந்தது தமக்குப் பெரிதாக நினைவில்லை என்றும், அடித்தவர்களுள் ஒருவர் இப்போது தம்மோடு அதே கப்பலில் வேலை செய்கிறார், நல்ல நண்பர் என்றும் எழுதியிருந்தார். பிறகு இரண்டு வரிகள். ஒருநாள் இரவு காய்ச்சலோடு நம் அறைக் கதவைத் தட்டினாராம். நாம் மறையுரை எழுதிக்கொண்டிருந்தபடியே, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படு என்று உள்ளிருந்தே சொன்னோமாம். அது மட்டும் மறக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

அந்த இரவு நமக்குச் சற்றும் நினைவில் இல்லை.